தடாகமும் தகுதியும்

உல்லாச விடுதியொன்றின் நீச்சல் தடாகத்தில், அங்கே அறை எடுத்துத் தங்காத ஒருவர் இறங்கலாமா? இறங்கலாமெனின் எவ்வகை ஒழுக்கத்தோடு இறங்குதல் வேண்டும்? தமிழ்ச் சங்கத்து ஆண்டு மலரில் ஆராய்தற்குரிய பொருளா இது என்று முகஞ்சுளிப்போர் இருப்பர். வையையிலே புதுப்புனலாடிய மதுரை மாந்தரைப் பற்றிப் பரிபாடலைக் கொண்டு பத்துப் பக்கம் எழுதியிருந்தால் அவர்கள் மகிழ்ந்திருப்பார்கள். அது எளிது. பாசிக்குடாவிலே ஒரு தடாகத்தின் ஓரத்தில், காலைக்கூட நனைக்க விடப்படாது உட்கார்ந்திருந்த கொக்கட்டிச்சோலைப் பிள்ளைகளைப் பற்றி எழுதுவதுதான் சங்கடமானது. சங்கடமானவற்றை எழுதுவதற்கும் இம்மலரில் இடமுண்டு என்று நம்புகின்றேன்.

இப்பொருள் பற்றி நம்மிடையே இரு கட்சிகள் உள்ளன. ஒரு கட்சியினர், “விடுதி தனியார் சொத்து, உடையவன் விரும்பினால் விடுவான், விரும்பாவிடின் விடான், அதிற் பேச என்ன இருக்கிறது?” என்பர். மற்றக் கட்சியினர் பெரும்பாலும் நம் மாணவ நண்பர்கள். முதலாளியின் தடாகத்திற் காவலாளியின் கண்ணைக் கட்டிவிட்டுக் குதித்தெழுவதை ஒரு வர்க்கப் போராட்ட வெற்றிபோல விடுதி அறைகளில் இருந்து பேசுபவர்கள். இவ்விரு சாராரையும் எதிர்த்தே இதனை எழுதுகின்றேன். பகற்பொழுதிற்கு மட்டும் வருபவரிடம் விடுதி கேட்கத்தக்கவை இரண்டே: கட்டணமும் நீரொழுக்கமும். இவ்விரண்டையும் தருபவரின் முகத்தையும் உடையையும் ஊரையும் எடைபோடும் உரிமை அதற்கு இல்லை. இவ்விரண்டையும் தர மறுப்பவருக்கு உரிமை பேசும் வாயும் இல்லை.

முதலில் இடத்தை அறிந்துகொள்வோம். மட்டக்களப்பு வாவி நிலத்தை இரண்டாகப் பிரிக்கின்றது. கதிரவன் எழும் கடற்பக்கம் எழுவான்கரை. அவன் படும் மேற்குப் பக்கம் படுவான்கரை. தான்தோன்றீஸ்வரர் கோயில் கொண்ட கொக்கட்டிச்சோலை படுவான்கரையின் நடுநாயகமான ஊர். 2014இல் மண்முனைப் பாலம் திறக்கப்படும்வரை, அத்துறையிலே மறுகரை சேர விரும்பியோர் ‘பாதை’ என்று நாம் வழங்கும் மிதவையை நம்பியே இருந்தனர். போர்க்காலத்தில் வாவியைக் கடக்கும் வழிகளிலெல்லாம் சோதனைச்சாவடி நின்றது. யார் நீ, எங்கிருந்து வருகிறாய், எதற்காக வருகிறாய் என்ற மூன்று கேள்விகளுக்கும் விடையிறுத்தே படுவான்கரையில் ஒரு தலைமுறை வளர்ந்தது. 1987 யனவரியிலும் 1991 யூனிலும் அவ்வூர்ப் பக்கம் கண்ட படுகொலைகளை ஈண்டு விரித்தல் வேண்டா. வாயிலில் நிறுத்தி வினவப்படுதல் அம்மக்களுக்கு வெறும் நடைமுறையாகத் தோன்றாது என்பதை உணர்த்துதற்கே இவற்றைக் குறித்தேன்.

பாசிக்குடாவோ எழுவான்கரையின் வடபால், நமது வந்தாறுமூலை வளாகத்தையும் கடந்து செல்லும் வழியிலே உள்ளது. நெடுந்தூரம் ஆழங்குறைந்து அலையடங்கிக் கிடக்கும் குடாக்கடல். 1970களில் அங்கிருந்த விடுதிகளைப் போர் பாழாக்கிற்று. 2011 தொடக்கம் வரிசையாகப் புதிய விடுதிகள் எழுந்தன. தோணி கரையேற்றவும் வலை உலர்த்தவும் தமக்கிருந்த இடம் குறுகிவிட்டது என்ற மீனவர் முறைப்பாடும் அவற்றோடு எழுந்தது. அது தனியே எழுதவேண்டிய வழக்கு. கடலுக்கு முன்னே கடலைவிட நீலமான தடாகங்கள் கட்டப்பட்டன. நம் கதை அவற்றின் ஓரத்தில் நிகழ்கின்றது.

சுவிற்சர்லாந்திலிருந்து வந்த ஒரு குடும்பம், விடுமுறைக்கு அங்குள்ள விடுதியொன்றில் மூன்று நாள் அறை எடுத்திருந்தது. விடுதியின் பெயர் வேண்டா. கொக்கட்டிச்சோலையிலிருந்த உறவினரை, “ஒருநாள் வந்து எங்களோடு இருந்துவிட்டுப் போங்கள்” என்று அழைத்தனர். ஒரு வான் நிறையப் போனார்கள்; மாமா, மாமி, மச்சாள்மார், ஐந்தாறு பிள்ளைகள். மதிய உணவிற்குத் தடையில்லை. பணத்தை வாங்கிக்கொண்டு பரிமாறினார்கள். உணவின் பின் பிள்ளைகள் தடாகத்தை அணுகியபோதுதான் தடை வந்தது. வெளியாட்கள் இறங்க முடியாதாம். “என்ன மனே, காசு தாறம் எண்டுதானே சொல்றம்?” என்று மாமி கேட்டிருக்கிறார். காசுப் பிரச்சினை இல்லை, இங்கே வழக்கம் அப்படி என்று விடை வந்தது. அவ்வேளையில், வெளியே மலிவான தங்குமனையொன்றிலிருந்து முச்சக்கரவண்டியில் வந்திறங்கிய ஐரோப்பியத் தம்பதியர் இருவர் குளிர்பானம் இரண்டு சொல்லிவிட்டுச் சாய்கதிரையிலே துவாயை விரித்தார்கள்; பின் நீரில் இறங்கினார்கள். அவர்களை எவரும் அறை இலக்கம் கேட்கவில்லை. சுவிஸ் பிள்ளை நீந்திற்று. அதன் வயதொத்த கொக்கட்டிச்சோலை மச்சான் கரையிலிருந்து பார்த்தான்.

‘வழக்கம்’ என்ற அந்தச் சொல்லைத்தான் நான் குறிவைக்கின்றேன். விதி என்று அவர்கள் சொல்லியிருந்தால் அதனைக் காட்டுமாறு கேட்கலாம். வழக்கத்தை யாரும் காட்ட முடியாது. வேண்டியபோது தோன்றும், வேண்டாதபோது மறையும். மட்டக்களப்பின் தேசத்துக் கோயில்களிலே எந்தக் குடிக்கு எந்தச் சிறப்பு, எவருக்கு எந்தத் தொழும்பு என்பவற்றைக் கோயிற் கல்வெட்டுகள் வகுத்துக் கூறுகின்றன. அம்முறையை நான் ஆதரிப்பவன் அல்லன். எனினும் அது எழுதப்பட்டது. எழுதப்பட்டதனாலேயே அதனோடு வழக்காடலாம். மாற்று என்று கேட்கலாம். விடுதியின் வாயிலிலே நிற்கும் இளைஞனின் கண் அளவில் மட்டும் வாழும் விதியோடு எவன் வழக்காடுவான்?

விடுதிக்காரர் பக்கத்து நியாயங்களையும் நேர்மையாக நோக்குவோம். அவை பொய்யல்ல. தடாகத்திற்கு ஒரு கொள்ளளவு உண்டு. அறை எடுத்தவர் செலுத்திய பணத்திலே அத்தடாகத்தின் அமைதியும் அடங்கும். நூறுபேர் தங்கும் விடுதிக்கென அமைத்த தடாகத்தில் ஞாயிற்றுக்கிழமை முந்நூறுபேர் இறங்கினால் நீரைத் தூய்தாக்கும் பொறி அதற்கு ஈடுகொடாது. நீரில் மிகச் சிறிதளவு குளோரினே விடப்படும். ஒரு லீற்றருக்கு ஏறக்குறைய 1 முதல் 3 மில்லிகிராம். அது கிருமிகளைக் கொல்லும். ஆனால் உடலின் வியர்வையும் சிறுநீரும் அதனோடு சேரும்போது குளோரமீன் எனும் சேர்வைகள் உண்டாகின்றன. தடாகத்து நீரிற் கண் எரிகிறது, குளோரின் மணக்கிறது என்று நாம் குறைகூறுவதெல்லாம் பெரும்பாலும் இச்சேர்வைகளின் வேலையே. மணம் மிகுந்த தடாகம் மருந்து மிகுந்த தடாகம் அன்று. அழுக்கு மிகுந்த தடாகம். ஆகவே எத்தனைபேர் இறங்குகிறார்கள், எப்படி இறங்குகிறார்கள் என்று விடுதி கவலைப்படுவது முறையே. இன்று இடமில்லை, பகல் விருந்தினர் இருபது பேருக்கு மேல் எடுப்பதில்லை என்று அது சொல்லுமாயின் அதிற் குறைகாண ஏதுமில்லை. பல விடுதிகள் மதிய உணவோடு சேர்த்துப் பகற் கட்டணம் ஒன்றை அறவிட்டு வெளியாரை ஏற்கின்றன. அதுவே நேரிய வழி.

இந்த நியாயங்கள் எல்லாருக்கும் ஒரே அளவிற் பொருந்துவன என்பதை மறத்தலாகாது. ஐரோப்பியரின் வியர்வையும் குளோரினோடு சேரும். வெயிலுக்குப் பூசிய எண்ணெய்ப் பூச்சோடு குளியாமலே குதிக்கும் வெளிநாட்டவரை எந்தக் காவலாளி தடுத்து நிறுத்துகிறான்? சுகாதாரம் என்ற சொல் நம்மவர் தலையில் உள்ள தேங்காயெண்ணெயைக் கண்டதும் நினைவுக்கு வருகின்றது. மற்றவர் முதுகில் மின்னும் எண்ணெயைக் கண்டதும் மறந்துபோகின்றது.

இன்னொன்றையும் கவனியுங்கள். அதே குடும்பத்தை உணவுக்கூடம் ஏற்றது. விடுதிகளின் மண்டபங்களிலே நம்மவர் திருமணங்கள் நடைபெறுகின்றன. ஐந்நூறு பேர் உள்ளே வருகிறார்கள். தேநீருக்கு வருபவனை யாரும் தடுப்பதில்லை. தடாகத்தருகே மட்டும் ஏன் கயிறு கட்டப்படுகிறது? உணவுத்தட்டு ஆளுக்கொன்று, நீர் எல்லாருக்கும் ஒன்று. ஒருவர் உடலைத் தொட்ட நீர் மற்றவர் உடலைத் தொடுகின்றது. துடக்கு, தீட்டு என்று நம் முன்னோர் எதனை நீரோடு இணைத்து அஞ்சினார்களோ, அதே அச்சம் நீலநிற ஓடு பதித்த நவீன தடாகத்திலும் மிதக்கின்றது. அச்சத்திற்குச் சுகாதாரம் என்று இப்போது பெயரிட்டிருக்கிறார்கள், அவ்வளவே.

இதனை மிகைக்கூற்று என்பார்க்கு வரலாறு விடை கூறும். 1927 மார்ச் 20ஆம் நாள், மகாராட்டிரத்து மகாட் நகரிலே அம்பேத்கர் தம் மக்களோடு சென்று சவதார் குளத்து நீரை அள்ளிப் பருகினார். அந்நகர சபை அதற்கு முன்னரே குளத்தை எல்லாருக்கும் திறந்துவிட்டதாகத் தீர்மானம் இயற்றியிருந்தது. எழுத்திலே திறந்திருந்த குளம் வழக்கத்திலே பூட்டிக் கிடந்தது. அவர்கள் பருகிய பின்னர் மேற்சாதியினர் குடங்குடமாகச் சாணமும் கோசலமும் பாலும் தயிரும் ஊற்றிக் குளத்தைச் ‘சுத்தம்’ செய்தனர். மாட்டின் கழிவாற் குளம் தூய்மை எய்தும், மனிதன் கைபட்டால் மாசடையும் என்ற இந்த விஞ்ஞானத்தை எதிர்த்து வழக்காடி, பம்பாய் உயர் நீதிமன்றத்திலே வெற்றி காண 1937 ஆயிற்று.

நம் வீட்டுக் கதையும் வேறன்று. சாதியின் பேரால் எவரையும் உணவுச்சாலை முதலிய பொது இடங்களில் விலக்குதல் குற்றம் என்று 1957ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சமூகக் குறைபாடுகள் ஒழிப்புச் சட்டம் கூறிற்று. அதன் பின்னும் யாழ்ப்பாணத்துத் தேநீர்க்கடைகள் பலவற்றின் கதவுகள் திறக்கவில்லை. 1966 தொடக்கம் நடைபெற்ற தேநீர்க்கடைப் பிரவேசமும், 1967இல் உருவான தீண்டாமை ஒழிப்பு வெகுசன இயக்கமும், 1968இல் மாவிட்டபுரம் கோயில் வாயிலில் நிகழ்ந்த போராட்டமும் நம் விரிவுரை மண்டபங்களிற் பலமுறை பேசப்பட்டவையே. அத்தேநீர்க்கடைப் போராட்டத்திலே போராடியவர்கள் கேட்டது இலவசத் தேநீரா? பணத்தைக் கையிற் பிடித்துக்கொண்டல்லவா நின்றார்கள்! மற்றவனுக்கு எந்த விலைக்கு எந்தக் குவளையிற் கொடுக்கிறாயோ, அதே விலைக்கு அதே குவளையில் எனக்கும் கொடு என்பதே அவர்களின் கோரிக்கை. பாசிக்குடாவிலே அந்த மாமி கேட்டதும் அதற்கு மேல் ஒன்றுமில்லை.

விருந்தினரின் விருந்தினர் என்ற நிலையைப் பற்றியும் ஒரு வார்த்தை. அந்தப் பிள்ளைகள் தாமாக வந்தவர்கள் அல்லர். அறை எடுத்தவர் அழைக்க வந்தவர்கள். இந்த நுட்பமான நிலையிலேயே உலகப் புகழ்பெற்ற ஒரு நிகழ்ச்சி, அமெரிக்காவின் புளோரிடா மாநிலத்தில், சென் ஓகஸ்ரின் நகரத்து மொன்சன் மோட்டார் லொட்ஜ் என்னும் விடுதியில் நடைபெற்றது. கறுப்பின மக்களுக்கு உணவு பரிமாற அவ்விடுதி மறுத்தது. 1964 யூன் 11ஆம் நாள் அதன் படிக்கட்டிலே மாட்டின் லூதர் கிங் கைதுசெய்யப்பட்டார். ஏழு நாளின் பின், யூன் 18ஆம் நாள், அங்கே முறைப்படி அறை எடுத்திருந்த வெள்ளையின இயக்கத்தினர் தம் கறுப்பினத் தோழரைத் தடாகத்திற்கு அழைத்தனர். நாங்கள் இவ்விடுதியின் விருந்தினர், இவர்கள் எங்கள் விருந்தினர் என்பது அவர்களின் வாதம். விடுதியை நடத்திய ஜேம்ஸ் புரொக் என்பவர் ஐதரோக்குளோரிக்கமிலக் கொள்கலனை எடுத்துவந்து தடாகத்திலே ஊற்றினார். நீரிற் கலந்து வலுவிழந்தமையால் அமிலம் எவரையும் எரிக்கவில்லை. காவல்துறையினன் ஒருவன் உடுத்த உடையோடு குதித்து நீந்தியோரை வெளியே இழுத்தான். படங்கள் உலகெங்கும் பரவின. மறுநாள் அமெரிக்க மூதவை குடியுரிமைகள் மசோதாவை நிறைவேற்றிற்று. யூலை 2ஆம் நாள் அது சட்டமாயிற்று. உணவகத்திலும் விடுதியிலும் நிறம் பார்த்து ஆளை விலக்குவது நாடு முழுவதும் சட்டவிரோதமாயிற்று.

புரொக் கொடியவர் என்று ஒதுக்கிவிட்டுப் போவது எளிது. அவர் முன்வைத்த காரணம் வெறுப்பு அன்று, வியாபாரம். இவர்களை ஏற்றால் என் வாடிக்கையாளர் போய்விடுவர் என்றார். நம் விடுதி முகாமையாளர்களும் தனிமையில் இதனையே சொல்கிறார்கள்: “எங்களுக்கு ஒன்றுமில்லை, வெள்ளைக்காரருக்குப் பிடிக்காது.” வெள்ளைக்காரரைக் கேட்டுப் பார்த்தார்களா? பெரும்பாலும் இல்லை. அவர் மனத்தில் இருக்கக்கூடும் என்று தாம் நினைக்கும் இழிவான எண்ணத்தை, அவர் வாய் திறக்குமுன்னே, நம்மவர் நிறைவேற்றி வைக்கிறார்கள். குடியேற்றக் காலத்துப் பழக்கம் எளிதில் விடாது. 1938இல் கொழும்பிலே பிரித்தானியர் நிறுவிய நீச்சற் கழகம் தொடக்கத்தில் ஐரோப்பியருக்கே உரியதாயிருந்தது. அங்கே விலக்கியவன் அந்நியன். இன்று விலக்குபவனும் விலக்கப்படுபவனும் ஒரே பேருந்தில் ஊர் திரும்புகிறார்கள். 2024 பெப்ரவரியில், உனவட்டுனவிலே உருசிய நாட்டவர் சிலர் வெள்ளையருக்கு மட்டும் என ஒரு கேளிக்கை விருந்தை விளம்பரப்படுத்தியபோது நாடே கொதித்தெழுந்தது, விருந்து கைவிடப்பட்டது. நன்று. அவர்கள் செய்த பிழை அதனை எழுத்திற் போட்டதுதான் போலும்! எழுதாமல் நாள்தோறும் செய்பவர்கள்மேல் அக்கொதிப்பு ஏன் திரும்பவில்லை?

சட்டம் என்ன சொல்கிறது? 1978ஆம் ஆண்டு அரசியலமைப்பின் 12(3)ஆம் உறுப்புரை, இனம், மதம், மொழி, சாதி, பால் ஆகிய காரணங்களால் எவரும் கடைகள், பொது உணவகங்கள், ஹோட்டல்கள், பொதுப் பொழுதுபோக்கிடங்கள் என்பவற்றிற்குச் செல்வதில் எவ்விதத் தடைக்கும் நிபந்தனைக்கும் உட்படுத்தப்படலாகாது என்கிறது. அறை எடுத்தவர், எடாதவர் என்ற வேறுபாடு இப்பட்டியலில் இல்லை; ஆகவே தங்குவோருக்கு மட்டும் என்று ஒரு விடுதி விதிக்கலாம். ஆனால் விதித்தால் முச்சக்கரவண்டியில் வந்த தம்பதியருக்கும் அது விதி. அவர்களை விட்டு இவர்களைத் தடுக்கும் கணத்திலே காரணம் அறை அல்லாததாகி, உறுப்புரை விலக்கிய ஏதோ ஒன்றாகி விடுகின்றது. அடிப்படை உரிமை மனுவை நிறைவேற்றுத்துறையின் அல்லது நிருவாகத்தின் செயலுக்கு எதிராகவே உயர் நீதிமன்றிற் கொணரலாம் என்பதால், தனியார் விடுதியொன்றை அவ்வழியே இழுப்பது கடினம். அதனாலேயே நீதிமன்றத்தை நம்பாமல் மலரில் எழுதவேண்டியிருக்கிறது.

உடைப் பிரச்சினைக்கு வருவோம். சாரத்தோடும் சட்டையோடும் தடாகத்தில் இறங்காதே என்பது நியாயமான விதி. பருத்தித்துணி நூலிழையை உதிர்க்கும், வடிகட்டியை அடைக்கும், சலவைத்தூளின் மிச்சத்தை நீருக்குள் விடும், நனைந்தால் ஈயம்போற் கனத்து நீந்தத் தெரியாதவனைக் கீழே இழுக்கும். நம்மவர் இதனை அவமதிப்பாகக் கொள்வதற்கு நம் குளிப்பின் இயல்பே காரணம். கிணற்றடியிற் குறுக்குக்கட்டோடு நின்று வாளியால் அள்ளி ஊற்றுகிறோம். அழுக்குநீர் ஓடி வாழைக்குப் போகின்றது. அடுத்தவர் புதுநீர் அள்ளுகிறார். தடாகத்திலோ நாம் கழுவியது நமக்குப் பின் வருபவரின் வாய்க்குள்ளே போகின்றது. கிணற்றடி அழுக்கை நீக்கும் இடம். தடாகம் அழுக்கு நீங்கியபின் இறங்கும் இடம். பக்கத்திலே தூவுகுழாய் வைத்திருப்பது அழகுக்காக அன்று.

ஆனால் உடை விதி துணியைப் பற்றியதாக இருக்கவேண்டும். அது எவ்வளவு உடலை மூடுகிறது என்பதைப் பற்றியதாக இருத்தலாகாது. நீச்சலுக்கென நெய்த செயற்கையிழையிலே கழுத்து முதற் கணுக்கால்வரை மூடும் உடைகள் உள்ளன. காத்தான்குடியிலிருந்து வரும் முஸ்லிம் பெண்ணும், கொக்கட்டிச்சோலையிலிருந்து வரும் நம் பெண்ணும் அவற்றையே விரும்புவர். பிரான்சிலே கிரெனோபிள் நகரசபை 2022 மே மாதத்தில் அத்தகைய உடைக்கு இடமளிக்க முற்பட, யூன் 21ஆம் நாள் அந்நாட்டின் உயர் நிருவாக நீதிமன்றம் அதனைத் தடுத்தது. அந்நாட்டின் சண்டை அந்நாட்டிற்கு. சேலையும் முக்காடும் கண்பழகிய இம்மண்ணிலே, உடல் மூடியிருப்பதைக் கண்டு ஒரு தடாகக் காவலாளி திகைப்பதற்கு எந்த நியாயமும் இல்லை.

இங்கே பெண் பிள்ளைகளின் நிலையைச் சற்று நின்று நோக்குதல் தகும். வாவியைச் சுற்றி வாழ்வோர் எல்லாரும் நீந்தத் தெரிந்தவர் என்பது வெளியூரார் கற்பனை. படுவான்கரைப் பையன் துறையிலே குதித்துத் தானே கற்றுக்கொள்கிறான். பெரியவளான பெண் பிள்ளை துறைக்கே போவதில்லை. வாவியில் முதலையும் உண்டு. 2004 டிசம்பர் 26ஆம் நாள் கடல் வந்தபோது நீந்தத் தெரிந்திருந்தால் எல்லாரும் பிழைத்திருப்பர் என்று நான் சொல்லமாட்டேன். அந்த அலைக்கு நீச்சல் ஒரு பொருட்டன்று. ஆயினும் நீரை அஞ்சாத உடல் ஒன்று ஒவ்வொரு பெண்ணுக்கும் வேண்டும். அடிதெரியும் நீர், ஆழம் குறித்த சுவர், பிடித்துக்கொள்ள ஒரு விளிம்பு, பார்த்திருக்க ஓர் ஆள் ஆகிய நான்கும் சேர்ந்து படுவான்கரைப் பெண்ணுக்குக் கிடைக்கக்கூடிய இடம் பகற் கட்டணம் கொடுத்து நுழையும் தடாகமாக இருக்குமெனில், அதனை உல்லாசம் என்று தள்ளுவது ஆண்களுக்கு எளிது.

இனி நம்மவர் மீது. முன்னே கூறிய ‘வர்க்கப் போராளிகள்’ செய்வதென்ன? ஒரு சோடாவை நால்வராக வாங்கி வைத்துவிட்டு, கண் தப்பினால் நீருக்குள். கடற்கரை பொதுச்சொத்து, ஆகவே தடாகமும் பொதுச்சொத்து என்று ஒரு தத்துவமும் கைவசம் உண்டு. கடற்கரை பொதுவே, மக்கள் அங்கே நடப்பதை மறிக்கும் வேலியை எதிர்க்க வேண்டும், நானும் உடன்நிற்பேன். தடாகத்து நீரைக் கடல் தரவில்லை. அதனை நிரப்பி, வடித்து, அளந்து, விடியுமுன்னே எழுந்து மிதக்கும் இலைகளை வலையால் அள்ளுபவன் யார்? முதலாளியா? வாகரையிலிருந்தும் கிரானிலிருந்தும் நம் படுவான்கரையிலிருந்தும் போன பிள்ளை. நீங்கள் ஏமாற்றி இறங்கியது கண்டுபிடிக்கப்பட்டால் ஏச்சு வாங்குபவனும் அவனே. தொழிலாளியின் தலையில் ஏறி மிதித்து முதலாளியை வெல்லும் இந்தப் போராட்டம் எந்த நூலில் எழுதப்பட்டிருக்கிறது?

இதனினும் இழிவானது ஒன்றுண்டு. நீந்தும் எண்ணமே இல்லாமல், நீச்சலுடையில் இருக்கும் பெண்களைப் பார்ப்பதற்கென்றே கரையைச் சுற்றிவரும் கூட்டம். கைப்பேசியைக் காதில் வைத்ததுபோல் வைத்துப் படமெடுக்கும் கூட்டம். வெளிநாட்டுப் பெண் என்றால் பார்வைக்கு வைத்த பொருள் என்று எண்ணுகிறார்கள். அதே கைப்பேசி தம் தங்கையை நோக்கித் திரும்பினால் வெட்டுவேன் குத்துவேன் என்பார்கள். விடுதிக்காரர் நம் இளைஞரைக் கண்டதும் கயிறு கட்டுவதற்கு இவர்கள் ஒரு காரணம் தந்து வைத்திருக்கிறார்கள். ஒருவன் படமெடுத்தால் அவனை வெளியேற்றுவது முறை. அவன் நிறத்தவர் அனைவரையும் வாயிலில் நிறுத்துவது முறையன்று. ஆனால் இந்த வேறுபாட்டை நாம் வாதாடிப் பெறவேண்டிய நிலைக்கு நம்மைக் கொண்டுவந்தவர்கள் நம் வகுப்பறைகளிலும் இருக்கிறார்கள்.

வெளிநாட்டிலிருந்து வந்து அழைக்கும் உறவினருக்கும் ஒரு கடமை உண்டு. அழைக்குமுன் வரவேற்புக் கூடத்திற் கேட்கவேண்டும்: எத்தனைபேர் வரலாம், தலைக்கு எவ்வளவு, பிள்ளைகளுக்கு என்ன உடை, எத்தனை மணிவரை? பணத்தையும் முன்னதாகச் செலுத்தி, பற்றுச்சீட்டைக் கையில் வைத்துக்கொண்டே வானை அனுப்பவேண்டும். தன் மாமியை முகாமையாளர் முன்னே “காசு தாறம்” என்று நிற்க வைப்பது அழைத்தவன் குற்றம். விருந்து என்னும் சொல்லுக்குப் புதுமை என்று தொல்காப்பியர் பொருள் கண்டார். புதிதாய் வந்தவர் இடமறியார், முறையறியார். அறிந்தவரே முன்சென்று வழிசெய்தல் வேண்டும். சென் ஓகஸ்ரினில் அறை எடுத்தவர்கள் தம் தோழரோடு தாமும் நீரில் நின்றார்கள், தாமும் இழுத்துச் செல்லப்பட்டார்கள். நம் சுவிஸ் உறவினர் அன்று மாலை மீண்டும் நீந்தச் சென்றார் என்று கேள்விப்பட்டேன்.

விடுதிகளிடம் நாம் கேட்கவேண்டியது பெரிதொன்றும் இல்லை. வாயிலில் ஒரு பலகை. தமிழிலும் சிங்களத்திலும் ஆங்கிலத்திலும். பகல் விருந்தினரை ஏற்பதுண்டா, இல்லையா? உண்டெனின் நாளொன்றுக்கு எத்தனைபேர், கட்டணம் எவ்வளவு, அதில் உணவு அடங்குமா, எந்நேரம் தொடங்கி எந்நேரம் வரை? இறங்குமுன் குளித்தல் வேண்டும், பருத்தியுடை ஆகாது, நீச்சலுடை எந்நீளமும் ஆகலாம், பிறரைப் படம் எடுத்தல் ஆகாது, சாய்கதிரைகளில் இவை தங்குவோருக்கு, இவை எல்லாருக்கும். ஏற்பதில்லையெனின் அதனையும் அப்படியே எழுதுக. நாம் வானைத் திருப்பிக்கொண்டு கல்குடாக் கடலுக்குப் போவோம். ஒருமுறை எழுதியபின் முச்சக்கரவண்டியில் வந்து இறங்குபவர்களையும் அப்பலகையின் முன் நிறுத்தி வாசிக்கச் சொல்லவேண்டியிருக்கும். பலகை எழுத விடுதிகள் ஏன் தயங்குகின்றன என்பதும் அதிலேயே விளங்கும்.